விரிசல், வெடிப்பு, ஒழுகல்: தொடக்கக் களிமண் வேலையில் கோளாறு பார்க்கும் முறை

சூளையைத் திறந்ததும் பானை சில்லு சில்லாகக் கிடந்தால் முதல் திட்டு சூளைக்குத்தான் விழும். பாவம், பெரும்பாலும் அதன்மேல் குற்றம் இருக்காது. கோளாறு அதற்கு முன்பே மேசைமேல் நடந்து முடிந்திருக்கும்: எங்கோ தடிமன் கூடியிருக்கும், எங்கோ ஈரம் தங்கியிருக்கும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு பிடிக்காத சோதனையை முதலில் வைத்திருக்கிறோம். செலவு வைப்பவை பின்னால் வரும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்: கையில் இருப்பது கடையில் வாங்கிய பொட்டல மண்ணா, வெட்டியெடுத்த மண்ணா? மலேசியாவின் கோலாசிலாங்கூர் மாவட்டத்தில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்து மாணவர்கள் செம்பனைத் தோட்ட வாய்க்கால் ஓரத்து மண்ணையும் பழைய ஈயக் குட்டை (வெள்ளீயம் தோண்டிய பள்ளம்) ஓரத்து மண்ணையும் வாளியில் அள்ளி வருவது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் பொட்டல மண்ணுக்கு இல்லாத நான்கைந்து கோளாறுகள் அந்த மண்ணுக்கு உண்டு.

மண் வசப்படவில்லை

*வளைத்தால் பிளக்கிறது.* பென்சில் தடிமனுக்கு ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். மேல்பக்கம் வாய் பிளந்தால் முதல் சந்தேகம் தண்ணீர்க் குறைவு. ஈரத் துணி போட்டுப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஓர் இரவு வைத்து, மறுநாள் பிசைந்து மறுபடி வளைத்துப் பாருங்கள். இன்னும் பிளந்தால் மண்ணில் மணலும் வண்டலும் அதிகம். பொட்டல மண்ணைப் பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு வாரம் பையிலேயே ஊற விடுங்கள். ஊற ஊற மண்ணுக்கு இழுவை வரும். அதற்குப் பிறகும் பிளந்தால் அந்த மண்ணை விட்டுவிடுங்கள்.

*கையில் அப்பிக்கொள்கிறது.* ஈரம் அதிகம், வேறொன்றுமில்லை. காய்ந்த சிமெண்டுப் பலகை மேல் அரைமணி நேரம் பரப்பி வைத்துப் பிசையுங்கள். ஜிப்சம் பலகைத் துண்டும் ஈரத்தை நன்றாக இழுக்கும், ஆனால் அதன் ஓரம் உதிர்ந்து மண்ணில் கலந்தால் பின்னால் வம்பு. அதைக் கீழே வெள்ளைப் புள்ளி பற்றிய பகுதியில் பாருங்கள்.

*அழுகிய முட்டை நாற்றமும் வைக்கோல் நிறத்து மஞ்சள் திட்டும்.* கண்டல் காடு இருந்த கரையோர நிலத்தில் இப்படிப்பட்ட அமில மண் கிடைக்கும். அதில் கந்தகம் இருக்கிறது. சுடும்போது புகையும் நாற்றமும் வரும், பாண்டத்தின் மேல் உப்புப் பூக்கும். திருத்த முயல வேண்டாம், கொட்டிவிட்டு வேறு இடத்தில் வெட்டுங்கள்.

காயும்போதே விரிசல்

மாணவர் வேலைகளில் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்தில்தான் வீணாகிறது. விரிசல் எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

*விளிம்பில், மேலிருந்து கீழாக.* விளிம்பு வேகமாகக் காய்ந்துவிட்டது, அடிப்பாகம் இன்னும் ஈரம். மேலே சீலிங் ஃபேன் சுற்றுகிறதா, தகரக் கூரைக்கடியில் மதிய வெக்கையில் வைத்தீர்களா என்று பாருங்கள். ஈரக்காற்று நிறைந்த ஊர் என்பதால் மண் மெல்லக் காயும் என்று நினைக்க வேண்டாம். மதியம் இரண்டு மணிக்குக் காற்று வேறு, சாயங்கால மழைக்குப் பிறகு காற்று வேறு. இந்த ஏற்ற இறக்கம்தான் விளிம்பைக் கிழிக்கிறது. விளிம்பை மட்டும் பிளாஸ்டிக் பட்டையால் மூடி, வயிற்றுப் பகுதியைத் திறந்து வையுங்கள். முதல் இரண்டு நாளுக்கு முழுப் பாண்டத்தின் மேலும் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, அதன் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். கைக்கடக்கமான கிண்ணம் ஒன்றுக்கு ஒரு வாரம், உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகும் சிற்பத்துக்கு இரண்டு மூன்று வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் மழையில் இன்னும் கூடும்.

*அடியில், எஸ் எழுத்துபோல் வளைந்து.* சக்கரத்தில் வனைந்த பாண்டத்தில்தான் இது வரும். சுவரை இழுக்கும்போது சுவர் மண் அழுந்தி இறுகும். அடி மண்ணை யாரும் அழுத்துவதில்லை, போதாக்குறைக்கு அதன் நடுவில் தண்ணீரும் தேங்கும். வனையும்போதே நடுவிலிருந்து வெளிப்பக்கமாகவும், வெளியிலிருந்து நடுவுக்கும் மரச் சில்லால் மூன்று நான்கு முறை அழுத்தித் தேய்த்து, தேங்கிய நீரை ஸ்பாஞ்சால் எடுத்துவிடுங்கள். அடியின் தடிமன் சுவரின் தடிமனை விட அதிகமாக இருக்கக் கூடாது. ஊசியைக் குத்திப் பார்த்தால் தெரியும்: 6 முதல் 8 மி.மீ. போதும். பலகைக்கும் பாண்டத்துக்கும் இடையே செய்தித்தாள் ஒன்றைப் போடுங்கள். மண் சுருங்கும்போது தாளும் நகர்ந்து கொடுக்கும்.

*ஒட்டிய இடத்தில்.* பிள்ளையார் செய்தால் தும்பிக்கை விழுகிறது, குவளை செய்தால் கைப்பிடி விழுகிறது. மூன்று காரணம், இந்த வரிசையில் பாருங்கள். ஒன்று, இரண்டு துண்டும் ஒரே ஈரத்தில் இல்லை. நேற்று செய்த உடம்பில் இன்று செய்த தும்பிக்கையை ஒட்டினால், தும்பிக்கை அதிகமாகச் சுருங்கிப் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டுமே தோல் பதத்தில், அதாவது நகம் பட்டால் தடம் விழும் ஆனால் வளையாது என்ற நிலையில், இருக்க வேண்டும். இரண்டு, கீறல் போடாமல் தண்ணீரைத் தடவி ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பசையில்லை. இரண்டு முகத்திலும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் 2 மி.மீ. ஆழத்துக்குக் கீறி, அதே மண்ணைத் தோசை மாவு பதத்துக்குக் கரைத்த கூழைத் தடவி, லேசாக ஆட்டி அழுத்த வேண்டும். கூழ் ஓரத்தில் பிதுங்கி வந்தால் சரியாக அமர்ந்துவிட்டது. பிறகு சந்தில் மெல்லிய திரி ஒன்றை வைத்துத் தேய்த்துவிடுங்கள். மூன்று, ஒட்டிய உடனே திறந்து வைத்துவிட்டார்கள். முழு உருவத்தையும் ஓர் இரவு பைக்குள் வைத்தால்தான் ஈரம் இரண்டு பக்கமும் சமமாகும். நீட்டிக்கொண்டிருக்கும் காது, விரல், தும்பிக்கை நுனி ஆகியவற்றுக்கு ஈரத் துணிக் குல்லாய் போட்டு வைத்தால் அவை முந்திக் காயாது.

*எல்லா இடத்திலும் வலைபோல்.* மண் அளவுக்கு மீறிச் சுருங்குகிறது. ஒரு பட்டையில் சரியாக 10 செ.மீ. கோடு கீறிக் காயவிட்டு அளந்து பாருங்கள். 9.2 செ.மீ.க்குக் கீழே போனால் மண் கொழுப்பு. சுட்ட ஓடுகளை இடித்துச் சலித்த பொடியைப் பத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கலந்தால் அடங்கும். சிற்பத்துக்கு இந்தப் பொடி கட்டாயம், சக்கர வேலைக்குக் கை தோலை உரிக்கும்.

தோல் பதத்தில் தெரியும் விரிசலைத் திருத்தலாம்: விரிசலை வி வடிவில் வெட்டித் திறந்து, காகிதக் கூழும் கொஞ்சம் வினிகரும் கலந்த அதே மண்ணைத் திணித்து அழுத்துங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு தெரிந்தால் அதே காகித மண் சில சமயம் பிடிக்கும், பல சமயம் சூளையில் கைவிடும். நம் கருத்தில் அந்த நேரத்துக்குப் புதிதாகவே செய்துவிடலாம். உடைத்து நீரில் போட்டால் மண் வீணாகாது. ஆனால் நன்றாகக் காயவிட்டு உடையுங்கள். எலும்பாகக் காய்ந்த துண்டு ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும், அரை ஈரத் துண்டு நாலு நாளானாலும் கட்டியாகவே கிடக்கும்.

தட்டை ஓடு வளைந்து போகிறது

ஓரத்தைப் பிடித்துத் தூக்கினீர்களா? மண்ணுக்கு ஞாபகம் உண்டு. ஈரத்தில் வளைந்தது காயும்போது அதே பக்கம் வளையும். பலகையோடு தூக்கி, பலகையால் கவிழ்த்துத்தான் இடம் மாற்ற வேண்டும். அடுத்தது, உருட்டும்போது ஒரே திசையில் உருட்டியது. நான்கு முறைக்கு ஒரு முறை திருப்பிப் போட்டு உருட்டுங்கள். காயும்போது இரண்டு பலகைக்கு நடுவே செய்தித்தாள் வைத்து அடுக்கி, தாளைத் தினமும் மாற்றினால் பெரும்பாலும் நேராக வரும்.

சூளையில் வெடித்தது

காற்றுக் குமிழிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. வெடிக்க வைப்பது ஈரம். மண்ணுக்குள் தங்கிய நீர் 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிளக்கிறது. காற்றுக் குழி அந்த ஈரத்துக்கு ஓர் அறை கட்டித் தருகிறது, அவ்வளவுதான்.

சில்லுகளைக் கூட்டித் தள்ளுவதற்கு முன் பாருங்கள். பெரிய பெரிய துண்டாக, ஒரே இடத்தில் மட்டும் பெயர்ந்திருந்தால் அந்த இடம் தடிமனாக இருந்திருக்கிறது. பிள்ளையாரின் வயிறு, முனியாண்டி தலை, பானையின் அடி எல்லாம் இந்த வகை. முழுப் பாண்டமும் கட்டைவிரல் அளவுச் சில்லாகி மற்றவர் வேலைக்குள் புகுந்து கிடந்தால், அது காயாமலேயே உள்ளே போயிருக்கிறது.

அடுத்த முறை இந்த வரிசையில் சரிபாருங்கள்.

கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். அறையின் சூட்டிலேயே இருந்தால் காய்ந்தது. நம் ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் கன்னம் சில நேரம் ஏமாற்றும். எனவே சமையல் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால்தான் சூளைக்குத் தயார்.

சிற்பம் என்றால் குடைந்தீர்களா? தோல் பதத்தில் தலையைக் கம்பியால் அறுத்து, உள்ளே 1 முதல் 1.5 செ.மீ. சுவர் மட்டும் விட்டுக் குடைந்து, மறுபடி கூழ் வைத்து ஒட்ட வேண்டும். மூடிய உள்ளறை எதுவும் இருக்கக் கூடாது. அடியிலோ காதுக்குப் பின்னாலோ பற்குச்சி அளவில் ஒரு துளை போடுங்கள். யார் கண்ணிலும் படாது.

சூளையை எப்படி ஏற்றினீர்கள்? மின்சூளை என்றால் மூடியைக் கொஞ்சம் திறந்து, 80 முதல் 90 டிகிரிக்குள் ஆறு மணி நேரம், தடித்த சிற்பமென்றால் இரவு முழுவதும் வைத்திருங்கள். மூடித் துவாரத்தில் கண்ணாடித் துண்டு ஒன்றைக் காட்டினால் அதில் வேர்வை படியும் வரை உள்ளே ஈரம் இருக்கிறது. பிறகு மணிக்கு 60 முதல் 100 டிகிரி வரை ஏற்றி 600ஐத் தாண்டுங்கள். அதற்குப் பிறகு வேகம் கூடலாம். டிரம்மில் மரத்தூளும் செம்பனைக் கொட்டை ஓடும் போட்டுச் சுடுபவர்கள் இந்த முதல் கட்டத்தைத் தவிர்த்துவிடுவதால்தான் அங்கே வெடிப்பு அதிகம். பாண்டங்களைத் தணல் ஓரத்தில் இரண்டு மணி நேரம் சுற்றிச் சுற்றித் திருப்பிக் காட்டி, கையில் பிடிக்க முடியாத சூடு வந்த பிறகு உள்ளே வையுங்கள். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974 திறந்தவெளி எரிப்பைக் கட்டுப்படுத்துகிறது. புகைமூட்டக் காலத்தில் டிரம் சூட்டை அறவே விட்டுவிடுங்கள்.

சூட்டுக்குப் பிறகு விரிசல்

கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) போட்ட பாண்டமென்றால் விரிசலின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் உருண்டு, அதற்குள் கிளேஸ் இறங்கியிருந்தால், கிளேஸ் உருகும் முன்பே விரிசல் இருந்திருக்கிறது. காயும்போதோ முதல் சூட்டிலோ வந்தது, மேலே திரும்பிப் போங்கள். ஓரம் கத்திபோல் கூராக இருந்தால் ஆறும்போது வந்தது: சூளையைச் சீக்கிரம் திறந்துவிட்டீர்கள். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று அளவு மாறும், ஆறும்போதும் அதே இடத்தில் மாறும். அந்த நேரத்தில் ஒரு பக்கம் குளிர்காற்று பட்டால் பாண்டம் பிளக்கும். உள்ளே 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். ஆசையை அடக்குவது கஷ்டம்தான்.

சுட்ட பானை கரைகிறது, அல்லது ஒழுகுகிறது

இரண்டும் வெவ்வேறு.

நகத்தால் சுரண்டினால் பொடி வருகிறது, தட்டினால் கணீரென்ற சத்தம் இல்லாமல் மொத்தென்று கேட்கிறது, வாளி நீரில் போட்டால் விளிம்பு கூழாகிறது என்றால் பானை வேகவில்லை. சுமார் 600 டிகிரியைத் தாண்டாத மண் மறுபடி மண்ணாகிவிடும். டிரம் சூட்டில் ஓரத்தில் வைத்த பாண்டங்களுக்கு இது சகஜம். நன்றாகக் காயவைத்து மறுபடி சுடுங்கள், நடுவில் வையுங்கள்.

கணீரென்ற சத்தம் கேட்டும் வெளிப்பக்கம் வேர்த்தால் பானை வெந்திருக்கிறது, ஆனால் நுண்துளை மூடவில்லை. மண்பானைக்கு அது இயல்பு. தண்ணீர்ப் பானை குளிர்வதே அதனால்தான். பொங்கலுக்குப் பால் பொங்க வைக்க வேண்டுமானால் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, பிறகு அரிசிக் கஞ்சியை ஊற்றி மெல்லிய தீயில் காய்ச்சி ஆறவிடுங்கள். மாவுச்சத்து துளைகளை அடைக்கும். பூ வைக்கும் சாடிக்கு நீர் கசியவே கூடாது என்றால் கிளேஸ்தான் வழி. கோன் என்பது சூளைக்குள் வைக்கும் சிறு கூம்பு, அதன் எண்ணுக்குரிய சூடு வந்ததும் வளையும். பொட்டலத்தில் கோன் 6 என்று போட்ட மண்ணைக் கோன் 06 வரை மட்டும் சுட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தச் சுழியத்தைக் கவனியுங்கள்: கோன் 06 ஏறக்குறைய 1000 டிகிரி, கோன் 6 ஏறக்குறைய 1220 டிகிரி.

வெட்டியெடுத்த மண்ணை அந்த உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். பெரும்பாலானவை 1100ஐத் தாண்டினாலே ஊதிச் சரிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளைப் புள்ளி, வெள்ளைப் படிவு

சூளையிலிருந்து எடுத்தபோது நல்ல பானை. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் பக்கவாட்டில் பத்துக் காசு அளவில் ஒரு சில்லு தெறித்து விழுந்திருக்கிறது. குழியின் அடியில் கூம்பின் முனைபோல் ஒரு வெள்ளைப் புள்ளி, நகத்தால் தொட்டால் மாவாகிறது. அது சுண்ணாம்பு. கோலாசிலாங்கூர் பக்கத்துக் கரையோர மண்ணில் கெராங் போன்ற சிப்பித் துணுக்குகள் கிடக்கும். சூட்டில் சிப்பி சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து மேல் மண்ணைத் தள்ளிவிடும். நம் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம், சீக்கிரமே தெறிக்கும். ஜிப்சம் பலகையின் உதிரிகளும் இதே வேலையைச் செய்யும். பொட்டல மண்ணில் புள்ளி தெறித்தால் அந்தப் பலகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காய்ந்த மண் கட்டியில் வினிகர் சொட்டுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைக்காவிட்டாலும் பெரிய துணுக்கு வேறெங்கோ இருக்கலாம். மண்ணை நீரில் கரைத்து முதலில் கொசு வலையில் வேரும் நாரும் போகச் சலித்து, பிறகு 60 எண் சல்லடையில் சலியுங்கள். கால் மில்லிமீட்டருக்கு மேற்பட்டதெல்லாம் மேலே நின்றுவிடும். சிறு துணுக்குகளுக்குத் தள்ளும் பலம் இருக்காது. சுட்ட பிறகு தெரிந்தால், சூளையிலிருந்து ஆறி எடுத்த உடனே முழுக்க நீரில் அமிழ்த்தி ஊறவைப்பது சில நேரம் காப்பாற்றும். நிச்சயமில்லை.

புள்ளியாக இல்லாமல், விளிம்பிலும் கைரேகை பட்ட இடத்திலும் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அது உப்பு. காயும்போது நீரோடு மேலே வந்து படிந்தது. மண்ணைக் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, மழைநீர் சேர்த்துக் கலக்கி, மறுபடி தெளியவிட்டு ஊற்றுங்கள். மூன்று முறை போதும்.

இவ்வளவு செய்தும் மண் படுத்தினால், ஒரு கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கோலாசிலாங்கூர், கம்போங் குவாந்தானில் பானை செய்யும் தமிழ்க் குயவர்களிடம் காட்டிக் கேளுங்கள். விரலில் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள், அவர்களுக்கு நிற்க நேரமிருக்காது.

கிளேஸ் சேட்டைகள்

*ஓடி உருண்டு வெறும் மண் தெரிகிறது.* தூசு, அல்லது கையில் இருந்த எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு பிஸ்க் (முதல் சூடு முடிந்து, கிளேஸ் பூசாத) பாண்டத்தைத் தொட்டால் அந்த ஐந்து விரலும் பிறகு தெரியும். ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவிட்டுப் பூசுங்கள். அடுத்த சந்தேகம் தடிமன். 100 மி.லி. கிளேஸ் 140 முதல் 150 கிராம் இருக்கட்டும். மூன்று விநாடி முக்கி எடுத்தால் போதும்.

*ஊசித் துளைகள்.* முதல் சூடு அவசரமாக முடிந்திருக்கிறது, வாயு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பிஸ்க் சூட்டை மெல்ல ஏற்றுங்கள். கிளேஸ் சூட்டின் உச்சியில் 15 நிமிடம் நிறுத்திப் பாருங்கள்.

*வழிந்து தட்டில் ஒட்டியது.* அடியிலிருந்து 5 முதல் 10 மி.மீ. வரை மெழுகு பூசிக் காலியாக விடுங்கள். சூளைத் தட்டுக்கு அலுமினாவும் கயோலினும் சம எடையில் கரைத்துப் பூசி வைத்தால், ஒட்டினாலும் உளியால் தட்டி எடுக்கலாம். தேய்க்கும்போது கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம்.

*மேலே நுண்ணிய வெடிப்பு வலை.* கிளேஸும் மண்ணும் சுருங்கும் அளவு பொருந்தவில்லை. அலங்காரப் பொருளுக்குப் பரவாயில்லை, சாப்பாட்டுப் பாத்திரமாகப் புழங்கக் கூடாது. வீட்டில் திருத்துவது கஷ்டம். விற்றவரிடம் மண்ணின் பெயரைச் சொல்லி அதற்குப் பொருந்தும் கிளேஸைக் கேட்டு வாங்குங்கள்.

கிளேஸ் பொடியையும் காய்ந்த மண் தூசையும் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். சிலிகாத் தூசு நுரையீரலில் தங்கினால் போகாது.

சூளை சூடு ஏறவில்லை

கோன் வளைந்ததா என்று முதலில் பாருங்கள். மீட்டர் 1000 காட்டியும் கோன் வளையாமல் நின்றால் வெப்பமானிக் கம்பி தேய்ந்திருக்கலாம். கோன் சொல்வதையே நம்புங்கள். மீட்டரே 800இல் நின்றுபோனால்: மூடி சரியாக அமர்ந்ததா? உள்ளே அடைத்து நிரப்பினீர்களா? எக்ஸ்டென்ஷன் வயரில் செருகினீர்களா? சூளைக்கு எக்ஸ்டென்ஷன் கூடவே கூடாது. சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் ஏறக்குறைய 3 கிலோவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. பள்ளிக்கோ மன்றத்துக்கோ வாங்கும் பெரிய சூளைக்குத் தனி வயரிங் தேவை.

சூளை சிவக்கத் தொடங்கியதும் எட்டிப் பார்க்கும் துளை வழியாகத் தள்ளி நின்று பாருங்கள். சூடேற்றும் சுருள் ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தால் அது அறுந்துவிட்டது. எல்லாச் சுருளும் மங்கலாக எரிந்து, முன்பு எட்டு மணி நேரத்தில் முடிந்த சூடு இப்போது பன்னிரண்டு ஆனால், சுருள்கள் அனைத்தும் தேய்ந்துவிட்டன. ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை, மொத்தமாக மாற்ற வேண்டும். இதுதான் இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவு.

மாணவர் கை இங்கே நின்றுவிட வேண்டும். பின்பக்கத் தகட்டைக் கழற்றாதீர்கள். பிளக் கை பொறுக்காமல் சுட்டால், கருகிய வாடை வந்தால், பிரேக்கர் இரண்டாம் முறை விழுந்தால், சூளை உடம்பைத் தொட்டதும் சுருக்கென்றால், அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டியை அணைத்தும் சூடு ஏறிக்கொண்டே போனால், சுவரில் உள்ள மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை மூடியைத் திறக்காமல், யாரும் மறுபடி போட்டுவிடாதபடி சுவிட்சின் மேல் ஒரு தாளை ஒட்டி வையுங்கள்.